குரல் பொட்டலமான கதை

விழுப்புரம் சந்திப்பில் ரயிலுக்காக நீங்கள் காத்திருந்ததுண்டா? சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக ஒன்றாக வரும் இருப்புப்பாதை அங்கே பல கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குச் செல்கிறது. இன்னொன்று பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு அதே திருச்சியைப் போய் அடைகிறது. திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ஒன்று. இந்தச் சந்திப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நாம் இங்கே அடிக்கடி வந்துபோக வேண்டியிருக்கும்.

இப்போது திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்கு வாருங்கள். கூடத்துச் சுவரில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டி. தெருக் கம்பத்திலிருந்து வரும் மெல்லிய கண்ணாடி இழை அதற்குள் நுழைகிறது. பெட்டியின் பின்புறத்தில் பழைய தொலைபேசிக் கருவி ஒன்று செருகப்பட்டிருக்கிறது. மணி அடிக்கிறது, பாட்டி எடுத்துப் பேசுகிறார். பார்ப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே மேசைமேல் இருந்த தொலைபேசிதான். பேச்சிலும் வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் மின்சாரம் நின்றதும் பேச்சும் நின்றுவிடுகிறது. "அந்தக் காலத்தில் கரண்ட் போனாலும் போன் பேசுமே, இது ஏன் பேசாது?" என்று பாட்டி கேட்கிறார். நியாயமான கேள்வி. விடை சொல்லச் சற்றுத் தொலைவு பின்னோக்கிப் போகவேண்டும்.

கம்பி செய்த இரண்டு வேலை

சென்னையில் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது 1882 ஜனவரி 28ஆம் நாள். கல்கத்தாவிலும் பம்பாயிலும் அன்றே திறந்தார்கள். கிரகாம் பெல் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்று அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னாளில் உருவான தொலைபேசி அமைப்பில், நிலையத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இணைச் செம்புக் கம்பி சென்றது. அந்தக் கம்பி குரலை மட்டும் சுமக்கவில்லை; கருவி இயங்குவதற்கான மின்சாரத்தையும் சுமந்தது. நிலையத்தில் பெரிய மின்கல வரிசை ஒன்று இருக்கும். அதிலிருந்து 48 வோல்ட் அழுத்தத்தில் மின்னோட்டம் வீட்டுக்கு வரும். ஊர் முழுதும் இருண்டாலும் நிலையத்தின் மின்கலம் இருண்டுவிடாது; டீசல் எந்திரம் அதற்குத் துணை நிற்கும். ஆகவே வீட்டுக்காரர் மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அது நிலையத்தின் கவலை.

இனி ஊர்விட்டு ஊர் பேசுவதைப் பார்ப்போம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே 40 கிலோமீட்டர்கூட இல்லை. இருந்தும் ஒரு காலத்தில் 'ட்ரங்க் கால்' பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வகைகள் உண்டு; அவசரத்துக்கு ஏற்பக் கட்டணம். ஏன் இந்தக் காத்திருப்பு? இருவர் பேசத் தொடங்கினால், பேசி முடிக்கும்வரை இரண்டு ஊருக்கும் இடையே ஒரு முழுப் பாதை அவர்களுக்கே ஒதுக்கப்பட்டுவிடும். திண்டிவனத்திலிருந்து ஒரே ஒருவர் விழுப்புரம் போவதற்காக, அவர் போய்ச் சேரும்வரை இருப்புப்பாதை முழுவதையும் மூடிவைப்பதைப் போன்றது இது. அவர் நடுவில் பேச்சை நிறுத்தி யோசித்தாலும் பாதை மூடியே இருக்கும். உரையாடலில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிறார் அல்லவா? அப்படியானால் பாதையில் பாதி எப்போதுமே வெறுமையாகக் கிடக்கிறது என்று பொருள்.

1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே சந்தாதாரரே நேராக எண்ணைச் சுழற்றும் எஸ்.டி.டி. முறை தொடங்கியது. அது படிப்படியாகப் பரவி, விழுப்புரத்துக்கு 04146, திண்டிவனத்துக்கு 04147 என்று எண்கள் கிடைத்தன. 1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், குளிர்சாதனம் இல்லாமலே நம் வெயிலைத் தாங்கக்கூடிய சிறு மின்னணு நிலையங்களை அமைத்தது. 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவது இயங்கத் தொடங்கியது. தெருக்கோடிகளில் மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. கடைகள் வந்தன. இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காக அக்கடைகளின் முன்னே மக்கள் வரிசையில் நின்றதை வயதில் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வளைகுடா நாட்டில் வேலைக்குப் போன மகனுடன் பேசும் தாய், கண்ணெதிரே சிவப்பு எழுத்தில் ஓடும் ரூபாய்க் கணக்கைப் பார்த்துக்கொண்டே நலம் விசாரிப்பார். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அவசரமாக அழுத அழுகைகளுக்குக் கணக்கில்லை.

அந்தக் கட்டணம் குறைய வேண்டுமானால் பாதையை ஒருவருக்கே ஒதுக்கும் முறை போக வேண்டும். அதற்கான வழி, நம் ஊர் எஸ்.டி.டி. கடைகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

சுண்டலும் தாளும்

முதல் அடியை எடுத்து வைத்தவர் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். 1937இல், பாரிசில் பணியாற்றியபோது, குரலை எண்களாக மாற்றி அனுப்பலாம் என்று அவர் கண்டார். குரல் என்பது காற்றில் ஏறி இறங்கும் அலை. அதன் உயரத்தைக் குறுகிய இடைவெளியில் அளந்துகொண்டே போனால், அந்த எண்களைக் கொண்டு மறுமுனையில் அலையைத் திரும்ப வரைந்துவிடலாம். எத்தனை முறை அளப்பது? தொலைபேசிக்கு ஏறக்குறைய 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி போதும். அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளக்கவேண்டும் என்பது கணித விதி. எனவே வினாடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளால் எழுதினால் வினாடிக்கு 64,000 பிட்டுகள். நம் தொலைபேசி நிலையங்கள் மின்னணுமயமானபோது இந்த 64,000 என்ற எண்தான் அவற்றின் அடிப்படை அளவாக இருந்தது.

இரண்டாவது அடி 1960களில் வைக்கப்பட்டது. அமெரிக்காவில் பால் பாரன், பிரிட்டனில் டொனால்டு டேவிஸ் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் போய்ச்சேர வேண்டிய முகவரியை எழுதி, வலையில் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு சந்திப்பும் முகவரியைப் பார்த்து அடுத்த சந்திப்புக்குத் தள்ளிவிடும். துண்டுக்கு டேவிஸ் இட்ட பெயரை நாம் பொட்டலம் எனலாம். விழுப்புரத்தில் பார்த்தோமே, அதே கதைதான். திருச்சிக்குப் போக வேண்டிய பொட்டலம் அரியலூர் வழியாகவும் போகலாம், தஞ்சாவூர் வழியாகவும் போகலாம். ஒரு பாதை அடைபட்டால் மறு பாதை. பாதை யாருக்கும் சொந்தமில்லை. பொட்டலம் போகும் கணத்துக்கு மட்டும் அதனுடையது.

எழுத்துச் செய்திக்கு இது மிகவும் பொருந்தியது. குரலுக்குப் பொருந்துமா என்று பலரும் ஐயுற்றனர். டேனி கோஹன் என்னும் ஆய்வாளர் துணிந்து முயன்றார். 1974இல், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த தகவல் அறிவியல் நிலையத்துக்கும் கிழக்குக் கரையிலிருந்த லிங்கன் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே, அர்ப்பாநெட் வலையின் வழியாக மனிதக் குரல் பொட்டலங்களாகச் சென்றது. இணையத் தொலைபேசியின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சோதனையில் ஓர் அடிப்படையான உண்மை வெளிப்பட்டது. எழுத்துச் செய்தியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் 'மறுபடி அனுப்பு' என்று கேட்டு வாங்கலாம், தாமதமானால் குற்றமில்லை. குரலில் அப்படியில்லை. முகூர்த்தம் முடிந்த பிறகு வந்து சேரும் மாலை யாருக்கு வேண்டும்? தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும், அடுத்தது நேரத்துக்கு வரட்டும் என்பதே குரலின் தேவை. இந்தத் தேவையைக் கோஹன் வற்புறுத்தியதும் ஒரு காரணமாக, 1978இல் இணையத்தின் விதிமுறைகளை இரண்டாகப் பிரித்தார்கள். முகவரி பார்த்துக் கொண்டுசேர்ப்பது ஒன்று; தொலைந்ததைத் தேடி மீண்டும் அனுப்பச் செய்வது மற்றொன்று. குரல் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாவதை விட்டுவிடுகிறது. இன்று நீங்கள் இணையத்தில் பேசும்போது ஓரெழுத்து விழுங்கப்பட்டாலும் பேச்சு நிற்காமல் ஓடுவது இதனால்தான்.

இப்போது ஒரு சிறு கணக்கு. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சை 20 மில்லி வினாடித் துண்டுகளாக வெட்டுவது வழக்கம். ஆகவே வினாடிக்கு 50 பொட்டலங்கள். வினாடிக்கு 8,000 பைட் என்றால் ஒரு பொட்டலத்துக்குள் 160 பைட் குரல். அதன்மேல் முகவரி முதலிய குறிப்புகள் எழுத 40 பைட். மொத்தம் 200 பைட். அதை ஐம்பதால் பெருக்கி, மீண்டும் எட்டால் பெருக்கினால் வினாடிக்கு 80,000 பிட். 1990களில் வீட்டுக்கு வந்த இணையம், தொலைபேசிக் கம்பி வழியாக 'மோடம்' என்ற கருவியால் எடுக்கப்பட்டது; அதன் உச்ச வேகமே 56,000 பிட்தான். ஆகவே குரலை அப்படியே அனுப்ப வழியில்லை. நசுக்கி அனுப்ப வேண்டும். 1990களின் நடுவில் வந்த ஒரு முறை 160 பைட்டை 20 பைட்டாகச் சுருக்கிவிடுகிறது. ஆனால் முகவரிக்குரிய 40 பைட் அப்படியே நிற்கிறது! சுண்டலைவிடப் பொட்டலத் தாள் இரு மடங்கு கனம். வேடிக்கையாக இருக்கிறதல்லவா? இருந்தாலும் மொத்தம் 24,000 பிட்தான் ஆகிறது, மோடத்துக்குள் அடங்கிவிடும்.

1995 பிப்ரவரியில் இஸ்ரேலைச் சேர்ந்த வோக்கல்டெக் நிறுவனம், வீட்டுக் கணினியில் இத்தகைய பேச்சை நடத்தும் மென்பொருளை விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது. கருவியும் வந்துவிட்டது, பாதையும் வந்துவிட்டது. ஆனால் பேசுவதற்கு அனுமதி இல்லை! இணையத்தில் குரல் அனுப்புவது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருந்தது. வெளிநாட்டு அழைப்புகளின் வருவாய் குறைந்துவிடும் என்ற அச்சமே அதற்கு முக்கியக் காரணம். 2002 ஏப்ரல் 1ஆம் நாள் தடை ஓரளவு நீங்கியது. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம். கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம். ஆனால் விழுப்புரத்துக் கணினியிலிருந்து திண்டிவனத்துத் தொலைபேசிக்குப் பேசக்கூடாது. அமெரிக்காவுக்குப் பேசலாம், அடுத்த ஊருக்குப் பேசலாகாது என்பது சட்டத்துக்குப் புரிந்திருக்கலாம்; பாட்டிக்குப் புரிந்திருக்காது.

விழுப்புரத்திலிருந்து இரண்டு கிளைகள்

மீண்டும் சந்திப்புக்கு வருவோம். சட்டம் தயங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், விழுப்புரத்திலிருந்து பிரியும் இரண்டு இருப்புப்பாதைகளின் ஓரத்தில் குரலையும் கணினிச் செய்தியையும் ஒன்றாகக் கொண்டு செல்லும் முயற்சிகள் நடந்தன. பெரிய நகரங்களில் அல்ல, சிற்றூர்களில்.

முதலாவது புதுச்சேரிக் கிளையில், வில்லியனூரில். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஒரு மையத்தை அமைத்துச் சுற்றுப்புறச் சிற்றூர்களில் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. வில்லியனூருக்கு இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. அங்கிருந்து சிற்றூர்களுக்கு நம்பத்தக்க கம்பி கிடையாது. எனவே மிகு அதிர்வெண் வானொலிக் கருவிகளைப் பொருத்தி, அவற்றின் வழியாகவே பேச்சையும் கணினிக் கோப்புகளையும் அனுப்பினார்கள். மின்சாரத் தட்டுப்பாட்டுக்குச் சூரியத் தகடுகள் கைகொடுத்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு, அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய உதவிய அந்தச் செய்தி, உலகைச் சுற்றி வந்து கடைசிச் சில கிலோமீட்டரை வானொலியில் கடந்தது.

இரண்டாவது கடலூர்க் கிளையில், நெல்லிக்குப்பத்தில். இதற்கு மூலம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவினரும் 1990களில் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் அமைப்பு. அவர்களுடைய நோக்கு எளிமையானது: தொலைபேசி இணைப்பின் செலவில் பெரும்பகுதி வீடுவரை புதைக்கும் செம்புக் கம்பிக்கே போகிறது, கம்பியை நீக்கினால் செலவு குறையும். ஒரு கோபுரத்திலிருந்து தடையில்லாத பார்வையில் 10 கிலோமீட்டர் வரை வானலை செல்லும். இடையில் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரை. 2001இல் ஈ.ஐ.டி. பாரி நிறுவனம் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைச் சுற்றியிருந்த கரும்பு விவசாயிகளுக்காகக் கணினி மையங்களைத் தொடங்கியபோது இந்த முறையைத்தான் பயன்படுத்தியது.

கார்டெக்டின் வீட்டுப் பெட்டியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சுவரில் மாட்டும் பெட்டி. அதில் இரண்டு வாய்கள்: ஒன்றில் சாதாரணத் தொலைபேசியைச் செருகலாம், மற்றதில் கணினியை. இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வினாடிக்கு 35,000 பிட் வேகத்தில் இணையத்தைப் பார்க்கலாம். அதன் குரல் பொட்டலக் குரல் அல்ல. அது தனி வழியில் சென்றது. ஆனாலும் இன்று திண்டிவனத்துக் கூடத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டிக்கு இதை ஒரு முன்னோடி என்று சொல்லத் தடையில்லை. வேகத்தில் பெயரன் பாட்டனைப் பல்லாயிரம் மடங்கு மிஞ்சிவிட்டான். ஒன்றில் மட்டும் பாட்டன் முந்தியவர்: கார்டெக்ட் பெட்டிக்குள்ளேயே ஒரு மின்கலம் இருந்தது. நம் சிற்றூர்களின் மின்வெட்டைத் தெரிந்தவர்கள் அதை வடிவமைத்தார்கள்.

கைப்பேசியும் அகலப்பட்டை இணையமும் பெருகியதும் இவ்விரண்டு முயற்சிகளின் கருவிகளும் பின்தங்கின. 2003இல் ஸ்கைப் வந்து, 2025 மே மாதம் மூடப்படும்வரை, கோடிக்கணக்கானோர் அதில் பேசினர். 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபோது, அதன் வலையில் பழைய முறைப் பாதை ஒதுக்கீடே இல்லை. எல்லாப் பேச்சும் பொட்டலம்தான். ஆக, 'எனக்கு இணையத் தொலைபேசி தெரியாது' என்று சொல்பவரும் தம் 4ஜி கைப்பேசியில் அதையே பேசிக்கொண்டிருந்தார்! கடைசித் தடை 2018இல் நீங்கியது. இணைய இணைப்பு எங்கிருந்தாலும் அதிலிருந்து நாட்டின் எந்தத் தொலைபேசிக்கும் பேச உரிமம் பெற்ற நிறுவனங்கள் சேவை அளிக்கலாம் என்று அரசு தெளிவுபடுத்தியது. அவ்வாண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். அத்தகைய சேவையை அறிவித்தது.

வீட்டில் தொடங்குவது

நிற்க. நீங்கள் வீட்டில் இதைத் தொடங்க எண்ணினால் என்ன வேண்டும்? கண்ணாடி இழை இணைப்பு எடுத்தால், பெரும்பாலும் அதோடு தொலைபேசி எண்ணும் தருகிறார்கள். பெட்டியின் பின்புறம் தொலைபேசிக்கான சிறிய வாய் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பொத்தான் கருவி அதில் வேலை செய்யும். எண்வட்டைச் சுழற்றும் கருவியாக இருந்தால், மணி அடிக்கும், பேசலாம், ஆனால் பல பெட்டிகளில் எண்ணைச் சுழற்றினால் ஏற்காது. வட்டுக்கருவி மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டித்து எண்ணைச் சொல்கிறது. புதிய பெட்டிகளில் பலவும் இசைத் தொனியை மட்டுமே புரிந்துகொள்கின்றன.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 80,000 பிட் என்று கணக்கிட்டோமே, இன்றைய மிக எளிய இணைப்பிலும் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் உண்டு. கவனிக்க வேண்டியது தாமதம். பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி வினாடிக்குள் போய்ச் சேர்ந்தால் காதுக்கு வேறுபாடு தெரியாது. செயற்கைக்கோள் வழியாக வெளிநாட்டுக்குப் பேசியவர்களுக்கு அந்த இடைவெளி நினைவிருக்கும்; 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கவே கால் வினாடி ஆகும், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். வீட்டில் தாமதத்துக்குக் காரணம் வேறு. பெட்டிக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு சுவர் இருந்தால் வைஃபை அலை தேய்ந்து பொட்டலங்கள் முன்னும் பின்னுமாக வரும். தொலைபேசியைக் கம்பியால் பெட்டியோடு இணைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கைப்பேசிச் செயலி வழியாகப் பேசும் சேவையை எடுத்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். செயலி உங்களுடன் ஊர் ஊராக வரும், எண் மாறாது. எனவே 112 போன்ற அவசர எண்ணுக்குப் பேச நேர்ந்தால், முதல் வாக்கியத்திலேயே இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

இனி பாட்டியின் கேள்வி. செம்புக் கம்பி மின்சாரத்தையும் சுமந்தது. கண்ணாடி இழை ஒளியை மட்டுமே சுமக்கிறது, கண்ணாடியில் மின்சாரம் பாயாது. நிலையத்தில் நடந்த வேலையில் ஒரு பங்கு, அதாவது குரலை எண்ணாக்குவது, மணி அடிப்பது, கருவிக்கு மின்சாரம் கொடுப்பது ஆகியவை, உங்கள் சுவரில் உள்ள பெட்டிக்கு வந்துவிட்டன. உங்கள் வீடே இப்போது ஒரு குட்டி நிலையம். நிலையத்துக்கு மின்கலம் வைத்திருந்தார்கள். இந்தக் குட்டி நிலையத்துக்கு யாரும் வைக்கவில்லை.

இது சிறிய செய்தியன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. மாவட்டத்தின் பல பகுதிகள் மின்சாரமின்றிக் கிடந்தன. உறவினரின் நிலையை அறிய மனிதர்கள் தவிப்பது இத்தகைய நாளில்தான். வெள்ளைப் பெட்டிகள் இருண்டு போவதும் இத்தகைய நாளில்தான்.

மாற்று வழி கடினமானதல்ல. பெட்டியின் மின்னிணைப்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள்; பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருக்கும். அதாவது அதிகம் போனால் 12 வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 84 வாட்-மணி ஆற்றல் உண்டு. இழப்புகளுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 56. பன்னிரண்டால் வகுத்தால் நாலரை மணி நேரத்துக்கு மேல் வரும். இதற்கென்றே விற்கும் சிறு மின்கலப் பெட்டிகளை வாங்கும்போது அதன் வாட்-மணி அளவைப் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள். அட்டைமேல் அச்சிட்ட மணிக்கணக்கை நம்ப வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டி செருகியிருக்கும் இடம் அந்த இணைப்பில் வருகிறதா என்று பாருங்கள். என் உறவினர் வீட்டில் இன்வெர்ட்டர் மூன்று மின்விசிறிகளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. பெட்டி மட்டும் அதில் சேரவில்லை. யாரும் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. உங்கள் பெட்டி விழித்திருந்தால் போதாது. இழையின் மறுமுனையில், தெருவிலோ அடுத்த தெருவிலோ, நிறுவனத்தின் கருவியும் விழித்திருக்க வேண்டும். இணைப்புக் கொடுக்க வருபவரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்தக் கருவிக்கு எத்தனை மணி நேர மின்கலம் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.